உடைத்துப் பார்க்கிறவர்

எங்கள் கடைக்கு வெல்டிங் மிஷின் வாங்க வருகிறவர்கள் இரண்டு இரும்பை ஒட்டிப் பார்ப்பார்கள். ஒட்டியதை உடைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஆரணியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. அப்பா காலத்தில் ஆணி, தாழ்ப்பாள், கிணற்றுக் கயிறு என்று இருந்ததை நான் வந்து கட்டர், டிரில்லிங், வெல்டிங் சாமான் என்று மாற்றினேன். எனக்கு வெல்டிங் அடிக்கத் தெரியாது. ஆனால் யார் என்ன கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்று சொல்கிற கடைக்காரனிடம் யார் வாங்குவார்கள்? என் வாயால்தான் கடை வளர்ந்தது என்று அப்பாவே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் பெருமைப்பட்ட வாய் செய்த காரியத்தையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரில் அந்தப் பெயர் கெட்டுக் கிடக்கிறது. கெட்டதற்கு யார் காரணம் என்று தெரிந்தவன் இன்று நான் ஒருவன்தான்.

முதலில் வந்தபோது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான ஆள். இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பழைய வெல்டிங் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்கியே தோள் போய்விட்டது. இனிமேல் கனமான வேலை எடுப்பதில்லை, ஜன்னல் கம்பி, கட்டில் கால், கேட்டுத் தாழ்ப்பாள் என்று சின்ன வேலையோடு நிறுத்திக்கொள்கிறேன், மொபெட்டில் காலடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின் வேண்டும் என்றார்.

"சின்ன வேலைக்குத்தானே? கண்ண மூடிகினு எத வேணா எடுங்கண்ணா, எல்லாம் ஒண்ணுதான்," என்றேன். மற்றவர்கள் என்றால் அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று. தினமும் சாயங்காலம் நாலரைக்கு வருவார். கையில் சிமெண்டுச் சாக்கை வெட்டித் தைத்த பை. அதில் இரும்புப் பட்டைத் துண்டுகள், பாதி எரிந்த வெல்டிங் ராடுகள், ஒரு சுத்தி. தோளில் வளையமாகச் சுற்றிய நீளமான ஒயர். கடை ஒயரில் மிஷினை ஓட்டிப் பார்க்க மாட்டார்.

"காலைல வாங்களேண்ணா, கூட்டம் இல்லாம இருக்கும்."

"காலைல கரண்ட் நல்லா இருக்கும் நயினாரே. சாயங்காலம் ரைஸ் மில்லு எல்லாம் ஓடிகினு இருக்கும்போது பாக்கணும். வூட்டுல ப்ளக்கு முன்னால இருக்குது, வேலை தோட்டத்துல இருக்குது. அம்மாந்தூரம் ஒயர் இழுத்தா மிஷினுக்குப் பாதி கரண்ட்தான் போய்ச் சேரும். அந்தப் பாதியில எரியுதான்னு பாக்கணும். இங்க கடைக்குள்ள எரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

நாங்கள் சமணர்கள். ஊரில் எங்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் அப்படிக் கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் அதைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

மிஷின்மேல் அச்சடித்திருக்கும் ஆம்பியர் கணக்கை அவர் படிக்கவே மாட்டார். "எழுதறதுக்கு இன்னா, எவ்ளோ வேணா எழுதலாம்," என்பார். மிஷினைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடப்பார். ஒரு முழு ராடைக் கையெடுக்காமல் எரிப்பார். உடனே அடுத்தது. சூடேறி மிஷின் தானாக நிற்கிறதா, எத்தனையாவது ராடில் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு பீரோக் கதவுத் தகடு மாதிரி மெல்லிசான தகட்டில் வைத்து, ஓட்டை விழாமல் பிடிக்கிறதா என்று பார்ப்பார். இதெல்லாம் முடிந்து கடைசியில்தான் அந்தக் கூத்து.

இரண்டு பட்டையை ஒட்டுவார். ஆறவிட்டுக் கசடைத் தட்டி எடுத்தால், கீழே நல்ல தையல்காரன் போட்ட தையல் மாதிரி ஒட்டு வரிசையாக இருக்கும். கடையில் நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் அதை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி, சுத்தியால் ஓங்கி அடித்து உடைப்பார். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

"இவ்ளோ அழகா ஒட்டினத எதுக்குண்ணா உடைக்கறீங்க?"

"மேல அழகா இருக்குது. அதான் பயமா இருக்குது."

காரணத்தை ஒருநாள் காட்டினார். கரண்ட் போதுமான அளவு இருந்தால் ராடும் இரும்பும் உருகி ஒன்றாகும். உடைத்தால் உள்ளே நறநறவென்று சாம்பல் நிறமாக இருக்கும். கரண்ட் குறைந்தால் ராடு மட்டும் உருகி, மெழுகு சொட்டின மாதிரி இரும்பின்மேல் உட்கார்ந்துகொள்ளும். வெளியே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உடைத்தால்தான் உள்ளே பளபளவென்று ஒட்டாத இடம் தெரியும். "பளபளன்னு இருந்தா அது பொய் நயினாரே," என்றார். நான் தலையாட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டேன்.

கடைசியில் அவர் எடுத்தது இருப்பதிலேயே சின்ன மிஷினும் இல்லை, பெரியதும் இல்லை. ஒயர் நீளமானாலும் மூச்சு விடாமல் எரிந்தது அது ஒன்றுதான். அன்று போகும்போது என்னிடம் ஒரு குழந்தை மாதிரி சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தச் சிரிப்பினால்தான்.

அதன்பிறகு சின்ன வேலை என்று யார் வந்து கேட்டாலும் அவரைத்தான் அனுப்புவேன். போன இடத்தில் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "இதுக்குக் கீழ யார் உக்காருவாங்க?" வாசல் கேட்டாக இருந்தால், கீழே யாரும் உட்கார மாட்டார்கள், மளமளவென்று முடித்துவிடுவார். ஆள் உட்கார்கிற, படுக்கிற, நிற்கிற இடம் என்றால் முகம் மாறிவிடும்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் தொட்டில் மாட்ட உத்தரத்தில் கொக்கி வைக்கக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டு, அந்தக் கொக்கியில் அவரே இரண்டு கையாலும் தொங்கினார். கால் தரையில் படாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பது வயது ஆள் வீட்டு நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். குழந்தையின் அப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். இறங்கி, இரண்டு சிப்பம் அரிசியைக் கட்டித் தொங்கவிட்டு, "நாளைக்கு நான் வந்து பாத்தப்புறம் கொழந்தைய போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பெற்றவளுக்கு அவர்மேல் கோபம். அன்று ராத்திரி முழுக்க அரிசி தொட்டிலிலும் பிள்ளை தரையிலும் தூங்கினதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் மனைவியை ஒருமுறை கடையில் பார்த்தேன். "உங்க வூட்டுக்காரர் வூட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "காலைல எழுந்து வாசக்கதவ ஆட்டிப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்குவாரு. இவரோட பெரிய பேஜாருங்க," என்று சிரித்தார். வீட்டில் முழுசாக ஒரு நாற்காலி கிடையாதாம்.

இப்போது அந்தக் காரியம் நடந்த வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, புருஷன் பெண்டாட்டி இருவருமே பட்டு நெய்கிற வீடு. ஒரே தறி. பெரும்பாலும் அந்த அக்காதான் தறியில் இருப்பார். கை அவ்வளவு சுத்தம். புடவையில் பூவேலை விழுவதற்காகத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று இருக்கும். நல்ல கனம். நெய்கிறவர் தலைக்குச் சற்று முன்னால், உயரத்தில், ஓர் இரும்பு ஸ்டாண்டில் அது உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்டாண்டின் ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. சவுக்குக் கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டை கையை வீச விடாமல் இடிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார்கள். நான் அவரை அனுப்பினேன். அனுப்பினதோடு நிற்காமல் கூடவும் போனேன்.

அவர் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் உக்காருவேன். வேற யாரு?" என்றார் அக்கா.

"அப்ப இத இங்கயே வச்சி அடிக்க முடியாதும்மா. பெட்டிய எறக்கி ஸ்டாண்ட கழட்டிக் குடுங்க. வெளிய வச்சி நல்லா கரண்ட் ஏத்தி அடிச்சி, சுத்தியால தட்டிப் பாத்துக் குடுக்கறேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தறியில் அப்போதுதான் புதுப் பாவு ஏற்றியிருந்தது. ஒரு கல்யாணத்துக்கான புடவை. பெட்டியை இறக்கினால் அதிலிருந்து தொங்கும் நூல்களோடு பாவின் இழையெல்லாம் கலைந்து, ஒவ்வொன்றாக மறுபடி முடிச்சுப் போட வேண்டும். அதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். "கழட்டச் சொல்லாதீங்க. இங்கயே பண்ணிடுங்க. ஆனா ஒரு பொறி கூட பாவுல விழக்கூடாதுங்க. பட்டு. விழுந்தா பொசுங்கிடும்," என்றார்.

"ஈரச் சாக்கு போத்தலாமா?"

"ஐயோ, ஈரம் பட்டா சாயம் எறங்கிடும்."

பழைய புடவை எதையாவது கொண்டுவந்து மூடுகிறேன் என்று அக்கா உள்ளே போனார். புருஷன் வெளியே போயிருந்தார். அந்த இடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். மணி ஐந்தரை இருக்கும். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. எனக்கு ஜல்தியாகக் கிளம்ப வேண்டும், பசி வேறு.

"அண்ணா, ஆம்பியர கொறச்சி வச்சிக்குங்க. பொறி பறக்காது," என்றேன்.

"கொறச்சா உள்ள போவாதே."

"சின்ன ஒட்டுதானே? நிக்கும்ணா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிக்குமா?" என்று கேட்டார். மிஷின்மேல் எழுதியதைக்கூட நம்பாத மனுஷன் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான்.

"நிக்கும். எத்தினி பேருக்கு வித்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் நாபின்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குறைத்தார்.

பொறி பறக்கவில்லை. அக்கா புடவையை விரித்துப் பிடித்திருந்தார். அதில்கூட ஒரு பொட்டு விழவில்லை. ஒட்டு அவ்வளவு ஒழுங்காக அமைந்திருந்தது. முட்டுக் கட்டையை எடுத்தார்கள். பெட்டி அசையவில்லை. இதை உடைத்தும் பார்க்க முடியாது, தொங்கியும் பார்க்க முடியாது. தொங்கினால் பாவு ஆடும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அழகா இருக்குது," என்றார். வழக்கமாக அதற்கடுத்துச் சொல்வதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் போய் நின்றிருக்கிறார். நெய்துகொண்டிருந்த அக்காவை எழுப்பிவிட்டு, சின்னச் சுத்தியால் அந்த ஒட்டை மெல்லத் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டிருக்கிறார். உள்ளே ஒட்டு விட ஆரம்பித்தால் சத்தம் மாறுமாம். அதற்கு மறுநாளும் போனார். அடுத்த நாளும் போனார். பதினோரு நாள் தொடர்ந்து போனார். அக்கா என்னிடம் வந்து, "உங்க ஆளு தெனம் வந்து என்ன எழுப்பி வுட்டுட்டு சுத்திய வச்சி தட்டிகினு நிக்கறாரு தம்பி. முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சி. நான் பொடவைய முடிக்கறதா, இவருக்கு எழுந்து எழுந்து நிக்கறதா?" என்றார்.

எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அன்று அவர் ராடு வாங்க வந்தபோது கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே பிடித்துக்கொண்டேன்.

"செஞ்ச வேலை மேல உங்களுக்கே நம்பிக்க இல்லன்னா ஊர்ல எவன் உங்கள கூப்புடுவான்? உங்கள அனுப்பினதுக்கு எனக்கு நல்ல பேரு! நாளையிலேர்ந்து அந்த வூட்டுப் பக்கம் போவாதீங்க."

"அந்தப் பொடவை முடியற வரைக்கும் பாத்துட்டு வுட்டுர்றேன் நயினாரே. தட்டிப் பாக்கறதுதானே?"

"வேணாம்ணா. சொன்னா கேளுங்க."

ராடுக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரிங்க," என்றார். அதன்பிறகு போகவில்லை.

ஐந்தாவது நாள் காலை பதினோரு மணிக்கு ஒட்டு விட்டது. பெட்டி சரிந்து அக்காவின் இடது தோளில் விழுந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு மார்புக்கு மேலே எழும்பவில்லை. பாவு கொஞ்சம் அறுந்திருந்தது. பொறி பட்டுப் பொசுங்கிய இழை ஒன்றுகூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வந்தார். வீடு நிறைய ஜனம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த புருஷன் அவர் சட்டையைப் பிடித்தார். "இன்னா பண்ண? இன்னா பண்ண சொல்லு!" என்று கத்தினார்.

அவர் ஸ்டாண்டின் உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கரண்ட் கம்மியா வச்சி அடிச்சேங்க. அதனால உள்ள ஒட்டல. தப்பு என்னுதுதான்."

கன்னத்தில் அறை விழுந்தது. அவர் நகரவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கடைக்கு வந்து மிஷினையும், ஸ்டாண்டில் உடைந்த துண்டையும் மேசைமேல் வைத்தார்.

"மிஷின் மேல ஒரு குத்தமும் இல்ல நயினாரே. யாரும் உங்க கடைய தப்பா பேசிடக் கூடாது பாருங்க. போற எடமெல்லாம் சொல்லிகினுதான் வந்தேன்."

"அண்ணா, நான்தானே அன்னிக்கி கொறச்சி வைக்கச் சொன்..."

"நீங்க கடைக்காரரு. சொல்லுவீங்க. நாபு என் கையிலதானே இருந்துது?"

நான் வாயைத் திறந்து இதை அந்த வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்ளும் வாய் அன்று திறக்கவில்லை. அவர் தாழ்ந்த தோளோடு படியிறங்கிப் போனார். ராடு வாங்கவோ, எதையும் உடைத்துப் பார்க்கவோ பிறகு வரவில்லை. கூப்பிட ஆளும் இல்லை. படவேட்டுப் பக்கம் மச்சான் வாழைத்தோப்பில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆறு வருஷத்தில் நான் ஏறவில்லை. போன ஐப்பசியில் செத்துப்போனார் என்பதும் அந்தப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது.

போன மாதம் அந்த அக்கா கடைக்கு வந்தார். தறியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். புருஷன் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போகிறார். கூட வந்தவர், அக்காவின் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை. அவருக்குச் சின்னதாக ஒரு இன்வெர்ட்டர் மிஷின் வேண்டுமாம்.

"லைட் வேலைக்குத்தாங்க. எது எடுக்கலாம்?" என்றார்.

நாலு மிஷினை எடுத்து வைத்தேன். மாப்பிள்ளை ஒன்றை ஓட்டி இரண்டு பட்டையை ஒட்டினார். கசடைத் தட்டி, "அழகா இருக்குதுல்ல?" என்று என் கையில் கொடுத்தார். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்து அடிக்கணும் மாப்ள. ஒரு ஆளு கரண்ட கம்மியா வச்சி அடிச்சிட்டுப் போனதுலதான் நான் இப்படி ஆனேன்," என்றார். பிறகு என்னிடம், "செத்துட்டாராமே தம்பி? செத்தவர சொல்லக் கூடாது. ஆனா அவ்ளோ பாத்துப் பாத்து செய்யற ஆளு, அன்னிக்கி மட்டும் ஏன் அப்படி பண்ணாருன்னு எனக்கு இன்னும் புரியல. நீங்க பக்கத்துலயே நின்னுகினு இருந்தீங்களே. அவராதானே கொறச்சி வச்சாரு?" என்று கேட்டார்.

உடைந்த அந்தத் துண்டு ஆறு வருஷமாக என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. உள்முகம் இன்னும் பளபளவென்றிருக்கும்.

"ஆமாக்கா," என்றேன்.

மாப்பிள்ளை ஒட்டிய துண்டு என் கையில் இன்னும் சூடாக இருந்தது. பக்கத்திலேயே வைஸ் இருந்தது, சுத்தியும் இருந்தது. துண்டைப் பழைய இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டு, மிஷினைக் கட்டிக் கொடுத்தேன்.